சலீமின் பாதமும் நம் மேடைகளும்

சென்ற ஆண்டு ஆவடியில் மாணவர்க்குப் பரிசு வழங்கும் விழா ஒன்றில் நம்மைப் பேச அழைத்திருந்தனர். அரபும் தமிழும் கற்பிப்பதைத் தொழிலாகக் கொண்ட நமக்கு விளையாட்டைப் பற்றிப் பேசும் தகுதி அதிகமில்லை. ஆயினும் பரிசு பெற வந்திருந்த பிள்ளைகளிற் பலர் பந்தாட்டப் பித்தர்கள் என்று அறிந்து, கல்கத்தா முகம்மது சலீமின் கதையை எடுத்துக்கொண்டோம். வெறுங்காலுடன் கடல் கடந்து ஸ்காட்லாந்து சென்றார். பூட்ஸ் அணிந்த வெள்ளையரைத் திணறடித்தார். கிடைத்த 1,800 பவுனையும் அநாதைக் குழந்தைகளுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டு ஊர் திரும்பினார் என்று நாம் சொல்லி முடித்தபோது மண்டபம் அதிர்ந்தது. நமக்கும் மனம் குளிர்ந்துதான் போயிற்று.

விழா முடிந்து தேநீர் அருந்திக்கொண்டிருந்த வேளையில் ஓர் இளைஞர் அருகில் வந்தார். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கடைசல் பட்டறையில் கணக்கெழுதுபவராம். "ஹஜ்ரத், ஓர் ஐயம். கேட்கலாமா?" என்றார். "கேளுங்கள் தம்பி" என்றோம். "அந்த 1,800 பவுன் எப்படி வந்தது?" என்றார். வசூலில் நூற்றுக்கு ஐந்து வீதம் சலீமுக்குத் தருவதாக ஏற்பாடு என்று நாம் படித்ததைச் சொன்னோம். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். விழா அழைப்பிதழின் முதுகில் கணக்குப் போட்டார். நூற்றுக்கு ஐந்து 1,800 பவுன் என்றால் மொத்த வசூல் 36,000 பவுன். அந்நாளில் பவுனுக்கு 20 ஷில்லிங். ஆக 7,20,000 ஷில்லிங். "நுழைவுக் கட்டணம் எவ்வளவு இருந்திருக்கும் ஹஜ்ரத்?" என்றார். அக்காலத்துச் சாதாரணக் கட்டணம் ஆளுக்கு ஏறத்தாழ ஒரு ஷில்லிங் என்று நாம் எங்கோ படித்திருந்தோம். அவர் ஒன்றும் பேசாமல் அழைப்பிதழை நம் கையில் கொடுத்துவிட்டுச் சலாம் சொல்லிப் போய்விட்டார்.

அந்த அழைப்பிதழ் இன்னும் நம் மேசையில் இருக்கிறது. 1937 ஏப்ரலில் அதே கிளாஸ்கோ நகரின் ஹாம்ப்டன் திடலில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதியபோது திரண்ட கூட்டம் ஏறத்தாழ 1,49,000 பேர். ஐரோப்பா அதுவரை கண்டிராத கூட்டம் அது. ஓர் அறக்கொடை ஆட்டத்துக்கு அதைப்போல் ஐந்து மடங்கு மக்கள் வந்தனர் என்று நாம் ஆவடியில் ஒலிபெருக்கி வைத்து அறிவித்திருக்கிறோம்! ஆசனக் கட்டணம் இரண்டு மூன்று மடங்கு என்று வைத்துக்கொண்டாலும் கணக்கு நேராகாது.

மதறஸாவில் ஏழாண்டுகள் நமக்குக் கற்பித்த பாடங்களில் ஒன்று, செய்தி ஒன்று வந்தால் இரண்டைப் பார்க்க வேண்டும் என்பது. சொன்னவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்பது ஒன்று. சொல்லப்பட்ட பொருள் தன்னளவில் நிற்குமா என்பது மற்றொன்று. ஸனது, மத்தன் என்று அவற்றைப் பிரித்து ஓதினோம். மார்க்கக் கல்விக்கென ஆன்றோர் வகுத்த அந்த நெறியைப் பந்தாட்டக் கதைக்குப் பயன்படுத்துவது மிகையாகத் தோன்றலாம். ஆனால் வகுப்பறையில் அதைக் கற்பித்துவிட்டு மேடையேறியதும் மறந்துபோன ஆசிரியர் ஒருவருக்கு இது தக்க தண்டனையே. ஆகவே சலீமின் கதையை மறுபடி ஓதிப் பார்க்கலானோம்.

சலீம் 1904-இல் கல்கத்தாவில் பிறந்தவர். மெட்டியாபுரூஸ் பகுதியினர், அயோத்தி நவாப் வாஜித் அலி ஷா நாடிழந்து வந்து தங்கிய அதே இடம். 1936-இல் ஸ்காட்லாந்து சென்றபோது அவருக்கு வயது 32. நம் மேடைகள் அவரைப் பதினெட்டு வயது வாலிபராகவே படம் பிடிக்கின்றன. பந்தாட்டக்காரனுக்கு 32 என்பது சாயங்காலம். அந்த வயதில் முன்பின் அறியாத குளிர்நாட்டில், மொழியறியாத மைதானத்தில் தேர்வுக்கு நிற்பது வாலிப மிடுக்கைவிடப் பெரிய துணிச்சல் என்பது நம் கருத்து.

அவ்வாண்டு பெர்லின் ஒலிம்பிக்குக்குச் செல்லும் வழியில் சீன அணி இந்தியாவில் ஆடியது. கல்கத்தாவில் அதனை எதிர்த்து ஆடியவர்களுள் சலீமும் ஒருவர். அடுத்த ஆட்டத்துக்கு முன்பே அவர் கப்பலேறிவிட்டார். கிளாஸ்கோவில் கடை வைத்திருந்த ஹாஷிம் என்னும் உறவினர் அவரை அழைத்துச் சென்றார். செல்டிக் கழகத்தின் மேலாளர் வில்லி மேலியிடம் சலீமுக்காகப் பேசியவரும் அவரே. 1897 முதல் அப்பொறுப்பில் இருந்த பழுத்த மனிதர் மேலி. வெறுங்காலுடன் ஆடுபவரைச் சோதித்துப் பார்க்க அவர் இசைந்தார். பார்த்தபின் ஆடவும் விட்டார்.

இனி, கிடைக்கும் சான்றுகள் எத்தகையவை? மூன்று உண்டு. முதலாவது, 1936 ஆகஸ்டு 28-ஆம் நாள் கால்ஸ்டன் அணிக்கெதிரான ஆட்டத்தைப் பற்றி மறுநாளே ஸ்காட்லாந்துப் பத்திரிகையில் வந்த செய்தி. கண்ணால் கண்டவர் உடனே எழுதியது, எனவே வலுவானது. இரண்டாவது ஒரு புகைப்படம். செல்டிக்கின் முன்னாள் வீரரும் அப்போது பயிற்சியாளருமான ஜிம்மி மெக்மெனமி சலீமின் பாதத்துக்குத் துணிக்கட்டுப் போடுகிறார். மூன்றாவது, சலீமின் மகன் பல பதிற்றாண்டுகள் கழித்துச் சொன்னவை. போரியா மஜும்தார் என்னும் விளையாட்டு வரலாற்றாசிரியர் வாயிலாக அவை உலகறிந்தன. அன்புள்ள மகன் தந்தையைப் பற்றிச் சொல்வதைப் பொய்யெனத் தள்ள நமக்கு மனமில்லை. தந்தை சொல்லக் கேட்டதை நெஞ்சில் வைத்திருந்து சொல்லியிருக்கிறார். ஆயினும் ஒரே அறிவிப்பாளர், இடையிலோ நெடுங்காலம். 1,800 பவுன் இந்த மூன்றாவது வழியில் வந்தது. ஜெர்மனியிலிருந்து ஊதியத்துடன் ஆட அழைப்பு வந்தது என்பதும் இவ்வழியே. கொடுத்தார் என்பதில் நமக்கு ஐயமில்லை. தொகையில்தான் எங்கோ ஒரு சுழி கூடியிருக்க வேண்டும்.

"செல்டிக் அணிக்காக ஆடினார்" என்பதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அவர் ஆடியது கழகத்தின் இரண்டாம் அணியில், அலையன்ஸ் லீக் என்னும் போட்டித் தொடரில், இரண்டே ஆட்டங்கள். முதல் அணியின் லீக் ஆட்டங்களில் அவர் இறங்கவில்லை. இதைச் சொன்னால் அவர் சிறுத்துப்போவார் என்று அஞ்சித்தான் போலும், நம்மவர் மறைத்துவிடுகின்றனர். அஞ்ச வேண்டியதில்லை. ஐரோப்பியக் கழகம் ஒன்றின் சட்டையணிந்து ஆடிய முதல் இந்தியர் என்று அவரை எழுதிவைத்திருக்கின்றனர். அதற்கு இரண்டாம் அணியே போதும். உண்மையில் பாதியை மறைத்தால், மறைத்ததைப் பிள்ளைகள் பிறகு கண்டுபிடிக்கும்போது மீதியையும் சேர்த்து எறிந்துவிடுவர். நாம் அஞ்சுவது அதற்கே.

கால்ஸ்டன் ஆட்டத்தில் செல்டிக் 7–1 என வென்றது. ஏழு கோல்களில் மூன்று சலீமின் காலிலிருந்து புறப்பட்டவை என்கிறது மறுநாள் செய்தி. பந்தைப் பெருவிரலில் நிறுத்திச் சுண்டுவிரல்வரை உருட்டிவிடும் அவரது லாகவத்தைக் கண்டு எழுதியவர் மயங்கியிருக்கிறார். ஆனால் தலைப்பில் அவரை இந்தியச் செப்படி வித்தைக்காரர் என்னும் பொருளில் குறித்துவிட்டார்! கீழ்நாட்டவன் எதைத் திறமையாகச் செய்தாலும் அது வித்தையாகவும் மாயமாகவும் தோன்றும் காலம் அது. பந்தை வலக்கோடியில் வாங்கி, எதிரியைத் தாண்டி, நடுவில் நிற்பவனுக்கு நேரம் பார்த்து அளிப்பது மாயமன்று; ஆண்டுக்கணக்கான உழைப்பு. எழுதியவர் அன்னியர், அவரை மன்னிக்கலாம். நம் பேச்சாளர்களும் அந்த வித்தைக்காரத் தலைப்பையே மார்தட்டி மொழிபெயர்த்துச் சொல்வதுதான் விந்தை.

அதே செய்தியில் இன்னொன்று இருக்கிறது. நாம் கேட்ட எந்த மேடையிலும் அது சொல்லப்பட்டதில்லை, நாமும் சொன்னதில்லை. ஆட்டத்தினிடையே ஒரு பெனால்டி கிடைத்தது. கூட்டத்தை மகிழ்விக்கச் சலீமை உதைக்கச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். காரணம் கேட்டபோது தமக்கு வெட்கம் என்றாராம். ஆங்கிலம் அறியாத அவர் சொன்னதை உடன் வந்தவர் பெயர்த்துச் சொன்னார். ஹாமில்டன் அணியுடனான மற்றோர் ஆட்டத்தில் பெனால்டி உதைத்து கோல் போட்டார் என்று பிற்காலச் செய்தி ஒன்று கூறுகிறது. இரண்டும் முரண் அல்ல. ஒரு நாள் கூசியவர் இன்னொரு நாள் துணிந்திருக்கலாம். நமக்கோ கூசிய நாள்தான் கண்முன் நிற்கிறது. ஆறு கடல் தாண்டி வந்து அத்தனை பேர் முன் துணிக்கட்டுக் காலுடன் ஓடத் துணிந்த மனிதர், நின்ற இடத்தில் நின்று எல்லாரும் தம்மையே பார்க்கப் பந்தை உதைக்க நாணினார். வீரப் பேச்சுக்கு இது இடைஞ்சல் என்று கருதியே விட்டுவிட்டனர் போலும்.

பாதத்துக்கு வருவோம். மேடைப் பேச்சு முழுவதும் நிற்பது இதன்மேல்தானே!

வெறுங்கால் ஆட்டம் சலீமின் தனியுடைமையன்று. 1911 ஜூலை 29-ஆம் நாள் கிழக்கு யார்க்‌ஷயர் படையணியை 2–1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைக் கைப்பற்றிய மோகன் பகான் அணியில் ஒருவர் தவிர மற்றவர் அனைவரும் வெறுங்காலர். பட்டாளம் தங்கிய இடங்களிலெல்லாம் பந்தும் போயிற்று. நம் பூவிருந்தவல்லியும் ஒரு காலத்தில் வெள்ளைச் சிப்பாய்கள் தங்கியிருந்த ஊர்தான். பந்து வந்தது, பூட்ஸ் வரவில்லை. வாங்கக் காசில்லை என்பது ஒருபுறம். காய்ந்த தரையில் விரலுக்கும் பந்துக்கும் இடையே தோல் இல்லாமலிருப்பதே நன்மை என்பது மறுபுறம். திருப்பம் விரைவாகும்; பந்து சொன்னபடி கேட்கும். ஆனால் கல்கத்தாவின் பந்தாட்டப் பருவமோ மழைக்காலம். சேறான மைதானத்தில் வெறுங்கால் வழுக்கும், பூட்ஸுக்கடியில் மிதிபடும். வெயிலில் வென்று மழையில் தோற்பது அந்நாளைய இந்திய அணிகளின் தலைவிதி.

இந்த விதியை மாற்றியது யார் என்று கேட்டால் நம் வியப்பு இன்னும் கூடும். அது சலீமின் சொந்தக் கழகமான முகம்மதன் ஸ்போர்ட்டிங். 1891-இல் தோன்றிய அக்கழகம் 1934-இல்தான் கல்கத்தா லீக்கின் முதற்பிரிவுக்கு உயர்ந்தது. 1898-இல் தொடங்கிய அந்த லீக்கை அதுவரை ஆங்கிலேயக் கழகங்களும் படையணிகளுமே வென்றுவந்தன. உயர்ந்த அதே ஆண்டில் முகம்மதன் அதனை வென்றது. 1935, 1936, 1937, 1938 என அடுத்தடுத்து நான்கு முறையும் வென்றது. 1936-இல் ஐ.எஃப்.ஏ. கேடயமும் சேர்ந்தது. இது மாயத்தால் வந்ததன்று. அஸீஸ் என்னும் கழக நிர்வாகி பெங்களூர்வரை ஆளனுப்பி ஆட்டக்காரர்களைத் தேடினார். அணியைச் சாதாரணக் கூட்டாளிகள் கூட்டமாக விடாமல் திட்டமிட்டுப் பழக்கினார்கள். ஈரத்தரையில் பூட்ஸ் அணிந்து ஆட வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். மழை பெய்தால் வெள்ளை அணிகளின் முகம் மலரும் வழக்கம் அன்றோடு போயிற்று.

வெறுங்காலை வியந்து கொண்டாடும் நம்மவர் மிக உயர்வாக எண்ணும் அதே கழகம், வெறுங்காலின் எல்லையை உணர்ந்து பூட்ஸை மாட்டியதால் வென்றது. அந்த ஐந்தாண்டு அணியின் வலக்கோடியில் பந்தாடியவர் சலீம். கிளாஸ்கோவின் இரண்டு ஆட்டங்களுக்கும் இந்த ஐந்து கோப்பைகளுக்கும் எடை போட்டால் தட்டு எந்தப் பக்கம் தாழும்? ஆயினும் நம் பேச்சுகளில் பத்தில் ஒன்பது பங்கு கிளாஸ்கோவுக்கே. வெள்ளையன் பார்த்து வியந்தால்தான் நம் பிள்ளையின் பெருமை நமக்கே தெரிய வருகிறது. விடுதலை பெற்று இத்தனை ஆண்டுகள் கழிந்தும் இந்த வழக்கம் நம்மை விட்டுப் போகவில்லை என்பதைச் சலீம் கதை சொல்லும் விதமே காட்டிவிடுகிறது. ஆவடியில் நாமும் அதைத்தான் செய்தோம்.

வெறுங்காலின் பின்கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பெரும்பாலும் வெறுங்காலுடன் ஆடிய இந்திய அணி பிரான்சிடம் 1–2 என மயிரிழையில் தோற்றது. இந்தியாவின் ஒரே கோலைப் போட்டவர் சாரங்கபாணி ராமன். பெனால்டிகள் இரண்டு வீணாகாதிருந்தால் கதையே வேறு. நான்காண்டு கழித்து ஹெல்சிங்கியில் யூகோஸ்லாவியாவிடம் 1–10! அதன்பிறகுதான் இந்திய அணிக்குப் பூட்ஸ் கட்டாயமாயிற்று. அஸீஸின் கழகம் 1934-இல் கண்டதை நாடு கண்டுகொள்ளப் பதினெட்டு ஆண்டுகள் பிடித்தன. 1950 உலகக் கோப்பைக்கு வெறுங்காலுக்குத் தடை விதித்ததால்தான் நாம் போகவில்லை என்றொரு கதையும் உலவுகிறது. அதுவும் சலீமின் 1,800 பவுனுக்கு உடன்பிறப்பு. ஆராய்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை.

சலீமைத் "தொழில்முறை ஆட்டக்காரர்" என்று சிலர் எழுதுகின்றனர். இங்கும் நிறுத்தி நிதானித்துப் பேச வேண்டும். இங்கிலாந்து 1885-இலும் ஸ்காட்லாந்து 1893-இலும் ஆட்டக்காரருக்குக் கூலி கொடுப்பதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டன. சுரங்கத் தொழிலாளியின் மகன் பந்தை நம்பிக் குடும்பம் நடத்த அங்கு வழியிருந்தது. நம் நாட்டிலோ பந்தாட்டம் பெயரளவில் பொழுதுபோக்கு. கழகம் வெல்லும், கூட்டம் தோளில் தூக்கும், மறுநாள் அரிசிக்கு என்ன என்பதை ஆட்டக்காரனே பார்த்துக்கொள்ள வேண்டும். பின்னாளில் ரயில்வே, காவல்துறை, வங்கி என்று வேலை கொடுத்து ஆடவைத்தார்கள். அதுவும் ஊதியத்துக்கு ஒரு திரை. ஆக, தொழிலாக ஆடும் வாசல்வரை சென்று எட்டிப் பார்த்துத் திரும்பிய முதல் இந்தியர் என்று சலீமைச் சொல்லலாம். தொழில்முறையாளர் என்று சொல்ல முடியாது.

ஏன் திரும்பினார்? ஊர் நினைவு தாளவில்லை என்பதே எல்லாரும் சொல்லும் காரணம். அதை மறுக்க நமக்குக் காரணமில்லை. இதைக் கேட்டு "ஐயோ, நல்ல வாய்ப்பு போயிற்றே" என்று மேடையில் கையை விரிப்போரைக் கண்டிருக்கிறோம். வளைகுடா நாடுகளில் பத்தும் இருபதும் ஆண்டுகள் தனியே கழித்த தந்தையரைக் கொண்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனை! அந்தக் குடும்பங்களின் முன் நின்று, ஊர் நினைவால் திரும்பியவரைக் குறைத்துப் பேச நமக்கு நா எழவில்லை. திரும்பியவர் முடங்கியும் போகவில்லை. அவருடைய கழகம் அடுத்த இரண்டு ஆண்டுகளும் கோப்பை வென்றதை மேலே சொன்னோம்.

இன்னொரு கோணலும் உண்டு. சலீமை நம் சமுதாயத்தின் வீரர் என்று மட்டும் சொல்லி நிறுத்துவது. முகம்மதனின் வெற்றிகள் வங்க முஸ்லிம்களுக்குத் தலைநிமிர்வைத் தந்தன என்பது உண்மை. அக்காலத்து வகுப்பரசியலின் நிழல் அவற்றின்மேல் படிந்ததும் உண்மை. ஆனால் முகம்மதனில் நிலைபெறுமுன் சலீமின் கால் தேறியது சித்தரஞ்சன், ஆரியன் முதலான பிற கழகங்களின் மைதானங்களில். செல்டிக்கையும் இங்கு நினைக்கலாம். 1887-இல் கிளாஸ்கோவின் கிழக்குப் புறத்தில் ஐரிஷ் ஏழைகளின் பிள்ளைகளுக்குச் சோறிடப் பணம் திரட்டவென்று வால்ஃப்ரிட் என்னும் கத்தோலிக்கத் துறவி தொடங்கிய கழகம் அது. புறக்கணிக்கப்பட்ட சிறுபான்மையினரின் கழகம் ஒன்றிலிருந்து அத்தகைய மற்றொன்றுக்குச் சலீம் போனார். அநாதைகளுக்குக் கொடுத்த செய்தியை, தொகை போக, நாம் நம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். கொடுப்பதற்கென்றே தோன்றிய மைதானத்தில்தான் அவர் நின்றிருந்தார்.

சலீம் 1980-இல் கல்கத்தாவில் காலமானார். மகன் செல்டிக் கழகத்துக்குக் கடிதம் எழுதித் தந்தையின் மருத்துவத்துக்கு உதவி கேட்டதாகவும், 100 பவுனுக்கு ஒரு வரைவோலை வந்ததாகவும் அவரே சொல்லியிருக்கிறார். பணம் அவருக்கு நோக்கமன்று. அங்கே தந்தையை இன்னும் நினைவிருக்கிறதா என்று அறியவே எழுதினாராம். வரைவோலையை மாற்றாமல் வைத்துக்கொண்டார். இதுவும் அந்த மூன்றாம் வழிச் செய்திதான். ஆனால் 100 பவுன் என்பது எந்தக் கணக்கெழுதுபவரும் ஒப்பக்கூடிய தொகை.

சில மாதங்களுக்கு முன் அம்பத்தூரில் ஒரு காலி மனையில் பந்தாடிக்கொண்டிருந்த பையன்கள் நம்மைக் கண்டு நின்றனர். ஆவடி விழாவுக்கு வந்திருந்தவர்கள். மறுபடி சலீம் கதை வேண்டுமென்றார்கள். இம்முறை 32 வயதைச் சொன்னோம். இரண்டாம் அணியைச் சொன்னோம். மழையையும் பூட்ஸையும் சொன்னோம். 1,800 பவுனை விட்டுவிட்டோம். பெனால்டியை உதைக்க வெட்கப்பட்டார் என்றதும் ஒருவன், "நானா இருந்தா அடிச்சிருப்பேன் ஹஜ்ரத்!" என்றான். மற்றவர்கள் அவனைப் பிடித்துத் தள்ளிச் சிரித்தார்கள். "எந்தப் பக்கம் ஆடினார்?" என்று கேட்டான் ஒரு சிறுவன். வலக்கோடி என்றோம். உடனே வலக்கோடிக்கு இருவர் சண்டையிடத் தொடங்கினர். எல்லாரும் வெறுங்காலுடன்தான் நின்றார்கள். செருப்புகள் நான்கு, இரண்டிரண்டாக, கோல் கம்பங்களாகக் கிடந்தன.